கேட்கத் தெரிந்த சூப்பர்வைசர்

ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் நாட்களில்தான் திருநெல்வேலிக் கடை முதலாளிகளிடமிருந்து எனக்குப் போன் அதிகம் வரும். "பிள்ளைங்க முகமே சரியில்ல மேடம், ஒரு மோட்டிவேஷன் கிளாஸ் எடுத்துருங்க" என்பார்கள். கடை திறக்கும் முன்னால் எல்லோரையும் மாடியில் உட்காரவைத்து நான் ஒரு மணி நேரம் பேச வேண்டும். கைதட்டுவார்கள், குரூப் போட்டோ எடுப்பார்கள், வடையும் டீயும் வரும். அதை நான் செய்வதில்லை. "உங்க ஃப்ளோர் சூப்பர்வைசருங்கள வாரத்துக்கு ஒரு மணி நேரம் எனக்குத் தாங்க அண்ணாச்சி, மூணு மாசத்துக்கு" என்று கேட்பேன். பெரும்பாலும் அந்தப் பக்கம் சத்தம் இருக்காது. வாடிப்போயிருப்பது விற்பனைப் பிள்ளைகள், இந்த அம்மா எதற்கு சூப்பர்வைசரைக் கேட்கிறாள் என்று யோசிப்பார்கள். ஏன் கேட்கிறேன் என்பதை இங்கே விவரமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நூற்பாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அப்புறம் கோச்சிங் (யோசனை சொல்லாமல், கேள்வி கேட்டு ஆளே தன் வழியைக் கண்டுபிடிக்க உதவுகிற முறை) படித்து, பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சுற்றுவட்டார வேலையிடங்களுக்குப் போய்வருகிறேன். நம் பக்கத்து வேலைகள் பல தினுசு. வண்ணார்பேட்டையிலும் டவுணிலும் ஜவுளி, நகைக் கடைகள். கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்சாலைகள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறார்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையத்தில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிறார்கள். (பீடிக்காரப் பெண்களுக்கு சூப்பர்வைசர் கிடையாது. இலையும் தூளும் கொடுத்துக் கட்டுகளை எண்ணி வாங்குகிற ஆள்தான் எல்லாம். அவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

சூப்பர்வைசர் இருக்கிற இடத்தில் எல்லாம் நான் பார்த்தது இது: ஒரு பணியாளருக்கு அன்றைய நாள் எப்படிப் போகும் என்பது முதலாளி கையில் இல்லை. முதலாளி அறைக்குள் இருப்பார். லீவு கேட்பது சூப்பர்வைசரிடம். பாத்ரூம் போகும்போது கவுண்டரை யாரிடம் விட்டுப் போவது என்று கேட்பதும் அவரிடம். வாடிக்கையாளர் முன்னால் திட்டு வாங்குவதும் அவரிடம்தான். சரி, அவர் எப்படி சூப்பர்வைசர் ஆனார்? நன்றாகச் சேலை விற்றார், அதனால் ஆனார். மில்லிலும் அதே கதைதான். அறுந்த நூலை வேகமாக முடிந்த கைக்காரர் ஒருநாள் மேஸ்திரி ஆகிவிடுகிறார். ஆட்களோடு எப்படிப் பேசுவது என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தன் மேஸ்திரி தன்னிடம் எப்படிப் பேசினாரோ அப்படியே இவரும் பேசுகிறார்.

கோச்சிங் என்கிற முறை முதலில் விளையாட்டு மைதானத்தில் வளர்ந்தது. 1970களில் அமெரிக்காவில் டிமோதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர், மட்டையை இப்படிப் பிடி, காலை அப்படி வை என்று ஓயாமல் சொல்வதைக் குறைத்து, பந்து எங்கே குதிக்கிறது என்று மட்டும் கவனிக்கச் சொன்னபோது ஆட்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டதைக் கண்டார். அதை வேலையிடங்களுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர், பழைய கார் பந்தய வீரர். அவர் வழியாகப் பரவிய நான்கு படிகளை இன்றும் உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அதை நம் ஊர்ப் பேச்சில் நாலு கேள்வியாக வைத்திருக்கிறேன். "என்ன நடக்கணும்னு நெனைக்க?" "இப்பம் நெலம என்ன?" "வேற என்னெல்லாம் செய்யலாம்?" "அதுல எதைச் செய்யப் போற, எப்பம்?"

பார்க்கச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

முதல் வகுப்பில் சூப்பர்வைசர்களை மூன்று மூன்று பேராக உட்காரவைப்பேன். ஒருவர் தன் வேலையில் நிஜமாகவே இருக்கிற ஒரு தொந்தரவைச் சொல்ல வேண்டும். இன்னொருவர் கேட்க வேண்டும். மூன்றாமவர் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேட்பவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: பத்து நிமிடத்துக்கு யோசனை சொல்லக் கூடாது. இரண்டாவது நிமிடத்திலேயே உடைந்துவிடும். "நீ என்ன செய்யணும்னா..." என்று வாய் தானாகப் போய்விடும். அவர்கள்மேல் தப்பில்லை. நம் ஊரில் மூத்தவர் என்றால் வழி சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் அக்கறை இல்லாதவர் என்று பெயர். பழக்கம் திரும்ப நாளாகும். கேள்வி கேட்டுவிட்டு எதிராளி யோசிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். அந்த மௌனத்தைத் தாங்க மாட்டாமல் தானே பதிலையும் சொல்லிவிடுவார்கள்.

ஒரு ஜவுளிக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன். சுடிதார் பிரிவில் ஒரு பிள்ளை. இரவு எட்டு மணிக்கு மேல் பில்லில் தப்பு விடுகிறாள், அளவு மாற்றி எடுத்துக் கொடுக்கிறாள், கேட்டால் சுள்ளென்று பதில் சொல்கிறாள். சூப்பர்வைசர் மெமோ எழுதி வைத்துவிட்டார். வகுப்பில் அதைத்தான் எடுத்து வந்தார். "மெமோவ ஒரு வாரம் டேபிள்லயே வைங்க, முதல்ல நாலு கேள்வி கேட்டுட்டு வாங்க" என்றேன். அடுத்த வாரம் வந்து சொன்னார். அந்தப் பிள்ளையின் ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டால் ஜங்ஷனில் இருந்து ஆட்டோதான், அன்றைய கூலியில் பாதி அதற்கே போய்விடும். எட்டு மணி ஆனதும் அவள் கண் கடிகாரத்தில் இருக்கிறது, கை சுடிதாரில் இருக்கிறது. "வேற என்ன செய்யலாம்" என்று கேட்டதற்கு வழியையும் அவளேதான் சொல்லியிருக்கிறாள்: வெளியூர்ப் பிள்ளைகள் காலையில் அரை மணி முன்னால் வந்து கடையைத் திறந்து அடுக்கிவிடுகிறோம், உள்ளூர்ப் பிள்ளைகள் ராத்திரி மடித்துவைத்துப் பூட்டட்டும். அந்தப் பிரிவில் அன்றிலிருந்து அப்படித்தான். மெமோவுக்கு வேலை இல்லாமல் போனது. இதே பிரச்சினையை நான் மேடையேறிப் பேசியிருந்தால் "நேர மேலாண்மை" பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அவளுக்கு பஸ் கிடைத்திருக்காது.

பாதிப் பேர் மனநலம் என்றதும் தியானம், மூச்சுப் பயிற்சி என்று போய்விடுகிறார்கள். அவற்றில் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் வேலையிடத்தில் ஆளை அரிப்பது எது என்று அரை நூற்றாண்டாக ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இதில் பெரியது. மேல் பதவிக்காரர்களுக்குத்தான் டென்ஷன், மாரடைப்பு எல்லாம் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. அங்கே கண்டது நேர்மாறு. கடைநிலை ஊழியர்கள் இதயநோயில் இறப்பது மேல்நிலையில் இருப்பவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் முழுக்கப் போகவில்லை. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு ஒரு காரணத்தைத் தொட்டது: தன் வேலையைத் தானே கொஞ்சமாவது தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதயநோய் அதிகம். ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இலேயே இதைச் சொல்லியிருந்தார். வேலை அதிகமாக இருப்பது ஒரு சுமை. வேலையும் அதிகம், அதில் தன் சொல்லுக்கு இடமும் இல்லை என்பது அதைவிட மோசமான சுமை. சுடிதார் பிரிவுப் பிள்ளைக்குக் கிடைத்தது அந்த இடம்தான். அதைக் கொடுக்கவும் தடுக்கவும் முடிந்தவர் சூப்பர்வைசர்.

உலக சுகாதார நிறுவனமும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பணியாளர்களின் மனநலத்தைத் தாங்கிப் பிடிக்க மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்பது அவர்கள் கணக்கு. பணத்தில் ஒரு லட்சம் கோடி டாலர். முதலாளிகளிடம் பேசும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் உதவுகிறது. ஆனாலும் அவர்களை அசைப்பது இது இல்லை. பழகின ஆள் வேலையை விட்டுப் போனால் புது ஆள் சரக்கு படிக்க எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

கோச்சிங்கால் ஆகாததையும் சொல்ல வேண்டும். 2024இல் பிரிட்டனில் வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் 46,000க்கும் மேற்பட்ட பணியாளர்களின் தரவை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மனஅழுத்தப் பயிற்சி, தியான வகுப்பு, நலவாழ்வுச் செயலி என்று தனி ஆளைத் திருத்தப் பார்க்கிற திட்டங்களில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைத்துவிட்டு மூச்சை இழுத்து விடச் சொன்னால் கால் வலி போகுமா? மறுபக்கம், கோச்சிங் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று மனநலத்திலும் வேலைத்திறனிலும் நல்ல பலன் இருப்பதாகச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்குப் புரிவது, பேச்சு வேலையைத் தொட்டு மாற்ற வேண்டும் என்பதுதான். வேலை அப்படியே இருக்க, ஆளை மட்டும் தேற்றிவிட்டுப் போகிற பேச்சு நிற்காது.

அதனால் நான் முதலில் கேட்பது நேரத்தை. காலை ஒன்பதரைக்கு வந்து இரவு ஒன்பதரைக்குப் போகிற பிள்ளை, சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒன்றரை மணி நேரம் கழித்தாலும், ஆறு நாளில் 63 மணி நேரம் நிற்கிறாள். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் 54தான். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதயநோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து சொல்லின. அதே 2021இல்தான் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் சட்டசபை திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் 2018லேயே கொண்டுவந்துவிட்டது. கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இல்லாத கடையில் நான் கோச்சிங் தொடங்குவதில்லை. ஸ்டூல் இருந்தும் யாரும் உட்காராத கடைகள் உண்டு. சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையில் உட்காரத் தோன்றாது. அங்கே வேலை இருக்கிறது என்று உள்ளே போவேன்.

ஓய்வு கேட்பது ஏதோ புது நாகரிகம் என்று சில முதலாளிகள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். 1908 பிப்ரவரியில், தூத்துக்குடி நம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த காலத்தில், கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நிற்க வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டது வார விடுமுறை. வெள்ளைக்கார நிர்வாகம் இறங்கி வந்தது. வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை இந்த மண்ணின் மக்கள் அன்றைக்கே கேட்டு வாங்கிவிட்டார்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு சிக்கல்கள் உண்டு. வெளியூர்ப் புத்தகங்களைப் படித்துக்கொண்டு வருகிற கோச்சுக்கு அவை தெரியாது.

ஒன்று, உறவு. இங்கே சூப்பர்வைசரை அண்ணாச்சி என்றும் அக்கா என்றும்தான் கூப்பிடுவார்கள். அதில் நல்லது நிறைய. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த அக்கா சம்பளத்தைப் பிடிக்காமல் அனுப்பிவைப்பாள். ஆனால் அதே அக்கா "எனக்காக இந்த ஞாயித்துக்கெழம மட்டும் வந்துரு தாயி" என்றால் மறுக்க முடியாது. மறுத்தால் வேலையைத் தட்டிக் கழித்ததாகத் தெரியாது, அக்காவைத் தட்டிவிட்டதாகத் தெரியும். ஆகவே சூப்பர்வைசர்களிடம் ஒன்றைப் பழகச் சொல்கிறேன்: ஓவர்டைம் கேட்கும்போது "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு, நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்" என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அப்புறம் முடியாது என்றவளிடம் மறுநாளும் அதே முகத்தோடு பேசுங்கள். இந்த இரண்டாவதுதான் அவளுக்கு நம்பிக்கை தரும்.

இன்னொன்று சாதி. "எந்த ஊரு?" என்பது நம் பக்கத்தில் வெறும் விசாரிப்பாக முடிவதில்லை. ஊரைச் சொன்னால் "ஊர்ல எந்தத் தெரு?" என்று வரும். அதற்குப் பிறகு எதிரில் இருப்பவர் வாயைத் திறக்க மாட்டார், அல்லது அளந்து பேசுவார். மில் ஒன்றில் இரவு ஷிப்டில் சண்டை வந்துகொண்டே இருந்தது. நிர்வாகம் அதை வேலைத் தகராறு என்று எழுதிவைத்திருந்தது. மேஸ்திரி தன் ஊர்க்காரர்களுக்கு லேசான மெஷினையும் மற்றவர்களுக்கு நூல் அதிகம் அறுகிற மெஷினையும் ஒதுக்கியதுதான் விஷயம். இதில் ஆளுக்குக் கோச்சிங் கொடுத்துப் பலன் இல்லை. மெஷின் ஒதுக்கீட்டைச் சுழற்சி முறையில் எழுதி போர்டில் ஒட்டவைத்தோம். ஒட்டிய பிறகுதான் மேஸ்திரிக்கு மற்றவர்களோடு உட்கார்ந்து பேசவே முடிந்தது. கேள்விகளுக்கு முன்னால் நியாயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; இந்த மாவட்டத்தில் அது கட்டாயம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். தாமிரபரணி ஏறி வந்து ஜங்ஷன் பஸ் நிலையமும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசும் தண்ணீரில் நின்றன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நான் போய்வந்த இரண்டு வேலையிடங்களில் தண்ணீர் வடிந்த பிறகு நடந்தது இன்னும் மனதில் இருக்கிறது. ஓரிடத்தில் "எப்பம் டியூட்டிக்கு வருவ?" என்று போன் போயிருக்கிறது. இன்னோரிடத்தில் ஒரு சூப்பர்வைசர் பட்டியல் போட்டுக்கொண்டு ஒவ்வொருவரையும் அழைத்து "வீட்டுக்குள்ள எவ்வளவு தண்ணி வந்துச்சு? இப்பம் எங்க இருக்கிய? எது மொதல்ல வேணும்?" என்று கேட்டிருக்கிறார். பாய், அரிசி, ஆதார் நகல் எடுக்க ஒருநாள் லீவு, சம்பள முன்பணம் என்று பதில் வந்திருக்கிறது. அதை அப்படியே எழுதி முதலாளியிடம் கொண்டுபோய் வைத்தார். முதலாளியும் கொடுத்தார். முதல் இடத்தில் பொங்கலுக்குள் பல பேர் வேலையை விட்டுவிட்டார்கள். இரண்டாம் இடத்து சூப்பர்வைசர் பத்தாம் வகுப்புவரை படித்தவர். வகுப்பில் யோசனை சொல்லாமல் இருக்க ரொம்பத் திணறிய ஆள்.

சோர்வின் அடையாளங்களையும் சூப்பர்வைசர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். தனியார் மருத்துவமனை நர்ஸ்களிடம் இரண்டாவது அடையாளம்தான் முதலில் தெரியும். நோயாளியின் பெயர் போய்ப் படுக்கை எண் வரும். "அந்தப் பதினாலு மறுபடி பெல் அடிக்கி" என்பார்கள். அதைத் திமிர் என்று பார்த்தால் திட்டு விழும். சோர்வு என்று பார்த்தால் நைட் டியூட்டி எத்தனை நாள் தொடர்ந்து போட்டிருக்கிறோம் என்று அட்டவணையைத் திறந்து பார்ப்போம்.

ரகசியம் பற்றி நான் கறாராக இருப்பேன். அறையில் பேசியது அறைக்கு வெளியே வராது. முதலாளியிடம் நான் கொடுப்பது பொதுவான விஷயங்கள் மட்டும், அதிலும் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிற இடம் என்றால் அதுவும் தருவதில்லை. பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். "சும்மா சொல்லுங்க மேடம், நான் யார்ட்ட சொல்லப் போறேன்" என்று கேட்டவர்கள் உண்டு. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒருமுறை கசிந்தால் அந்தக் கட்டடத்தில் அடுத்த பத்து வருடத்துக்கு ஒருவரும் உண்மை பேச மாட்டார்கள்.

சூப்பர்வைசர் டாக்டர் ஆகிவிடவும் கூடாது. வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இல்லாம போனா நல்லது" என்று பேச்சில் வருகிறது என்றால் நாலு கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு நேரடியாகக் கேட்க வேண்டும்: சாகலாம் என்று தோன்றுகிறதா? கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அப்படி நடப்பதில்லை. அவரைத் தனியே விடாமல், வீட்டு ஆட்களில் அவர் நம்புகிறவருக்குச் சொல்லி, ஹைகிரவுண்டில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழில் பேசலாம். அந்த எண்ணைச் சாப்பாட்டு அறைச் சுவரில் பெரிதாக எழுதிவைக்கச் சொல்வது என் வழக்கம். முதலாளி அறை வாசலில் ஒட்டினால் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக, இதெல்லாம் டியூட்டி நேரத்துக்குள் நடக்க வேண்டும். லீவு நாளில் வரச்சொல்லி நலவாழ்வு வகுப்பு நடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாரத்தில் கூட்டம் குறைந்த ஒரு முற்பகலில், ஒரு சூப்பர்வைசர் ஒரு பணியாளரோடு இருபது நிமிடம், இருவரும் உட்கார்ந்து பேசினால் போதும். முகூர்த்த நாள் வந்தால் அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம், ரத்து செய்யக் கூடாது என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுகிறேன்.